ஒன்பது அங்குலத் தடிப்பு

மார்ச் 11, செவ்வாய். சிறு தவறு ஒன்று. மதுக்கூடத்தின் நடுச்சுவரைத் துளையிட்டுப் பார்க்காமல், தட்டிப் பார்த்தே 'புதியது, பலகை' என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். இன்று கணக்குப் போட்டால் ஒன்பது அங்குலத் தடிப்பு வருகிறது. பலகைச் சுவர் அவ்வளவு வராது.

பேருந்தில் அவள் நோட்டில் எழுதியது. இறங்கி மதுக்கூடத்துக்கு ஓடினாள்.

குகதாசன் சுத்தியலை ஓங்கியிருந்தார்.

நானூறு வருடக் கட்டடம். முன்பு குதிரை வண்டிகள் நின்று சென்ற, இங்கிலாந்தின் கென்ட் கிராமத்துச் சத்திரம், பிறகு மதுக்கூடம். அவர் வாங்கிக் கலியாண மண்டபமாக்குகிறார். பழையதைத் தொடச் சட்டம் விடாது. எது புதியது என்று, மாலை வகுப்பில் கட்டட வரலாறு படிக்கும் அவளைத்தான் கேட்டிருந்தார்.

பலகை பிளந்தது.

உள்ளே மண். வைக்கோல். மாட்டுமயிர். பின்னிய வரிச்சுக் குச்சிகள். கட்டிய காலத்தில், மண் ஈரமாக இருந்தபோது யாரோ இழுத்த நான்கு விரல் தடங்கள்.

"அண்ணை, நிப்பாட்டுங்கோ. நான் பிழையா எழுதிட்டன்."

"நீ எழுதித் தந்ததைத்தானே இடிக்கிறன், பிள்ளை. முந்நூறு சனம் இருந்து சாப்பிட வேணும். இந்தச் சுவரே வந்து தாலி கட்டப் போகுது?"

அடுத்த அடி. வரிச்சுகள் விலா எலும்பு போல் முறிந்தன. மண்கட்டியொன்று அவள் நெற்றியில் தெறித்தது.

சுத்தியலின் கைப்பிடியைப் பற்றினாள். அவர் கழுத்தைப் பிடித்துத் தள்ளினார்.

விழுந்தாள். எழுந்தாள்.

விரல் தடங்களின் மேல் உள்ளங்கையை வைத்தாள். பொருந்தவில்லை. அன்று மண் பூசியவனின் விரல்கள் பெரியவை.

குகதாசன் அந்தக் கையைப் பார்த்தார். நன்றாகப் பார்த்தார்.

சுத்தியல் அதன் மேல் இறங்கியது.

மண் உதிர்ந்தது.

"கையை எடுத்திருக்கலாம்தானே, பிள்ளை," என்றார். குரல் தாழ்ந்திருந்தது.

அவரே காரில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். கதவில் நசுங்கியது என்று தாதியிடம் அவரே சொன்னார்.

அவள் தலையாட்டினாள்.

கட்டுப் போட்டார்கள். மூன்று விரல்கள்.

வீட்டில் நோட்டை இடக்கைப் பக்கம் நகர்த்தினாள். எழுத்து கோணியது. ஒரு வரியை அடித்துத் திரும்ப எழுதினாள்.

இன்னொரு தவறு: தலையாட்டியது.

நாளை: காலை ஒன்பது, நகரசபை. சுவர்.

பத்தரை, பொலிஸ். கை.