மைனா நிறுத்தாத இடம்

ஒரு நரிக்குக் கதை என்றால் பைத்தியம். அதிலும் மைனா சொல்லும் கோழிக்கூட்டுக் கதை என்றால் உயிரையே விடும். கூட்டுக்குள் புகுந்த ஒரு நரி, குஞ்சுகளை ஒவ்வொன்றாக விழுங்கும் கதை அது. மைனா நரியைப் போல உறுமும், குஞ்சுகளைப் போலக் கீச்சிடும். நரி விழுந்து விழுந்து சிரிக்கும்.

ஒரு நாள் மைனாவுக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. நரிக்கோ பொழுதே போகவில்லை.

"எனக்கும் அந்தக் கதை மனப்பாடம். நான் சொல்லட்டுமா?" என்று கேட்டது, எட்டாத கிளையில் உட்கார்ந்திருந்த ஒரு கோழி.

"உன் குரலே கரகரன்னு இருக்கு. சரி, சொல்லித் தொலை," என்றது நரி.

கோழி யாரைப் போலவும் பேசிக் காட்டவில்லை. தன் குரலிலேயே சொன்னது. 'கடைசிக் குஞ்சு, அம்மா வருகிறாளா என்று வாசலைப் பார்த்தது' என்ற இடத்தில் மட்டும் கொஞ்சம் நிறுத்தியது. அந்த நேரம் முழுக்க, நரியும் அம்மா வருவாளா என்று காத்திருந்தது. பிறகு கோழி மிச்சத்தையும் சொல்லி முடித்தது.

நரி சிரிக்கவில்லை. "நீ கதையை மாத்திட்டே!" என்று சீறியது.

"ஒரு வார்த்தைகூட மாத்தலை. நானும் கேட்டுக்கிட்டுதானே இருந்தேன்," என்றது மைனா, கம்மிய குரலில்.

தொண்டை சரியானதும் மைனா பழையபடி ஆரம்பித்தது. அதே உறுமல், அதே கீச்சு. கூடியிருந்த மற்ற நரிகள் உருண்டு புரண்டு சிரித்தன. கடைசிக் குஞ்சு வாசலைப் பார்த்ததையும் மைனா ஒரே மூச்சில் சொல்லிவிட்டு அடுத்த வரிக்குப் போனது.

"கொஞ்சம் இரு," என்றது நரி. "அது இன்னும் பார்த்துக்கிட்டு இருக்கு."