நாலாம் நிலை

“பதினோரு குடும்பத்தோட வயித்தெரிச்சலைக் கொட்டிக்கிட்டிருக்கீங்கம்மா நீங்க!”

கண்காணிப்பாளர் கோப்புக் கட்டை மேசைமேல் அறைந்தார். எதிரே நின்ற ஸ்கேன் அறைப் பெண் அசையவில்லை. அந்த அரசு மருத்துவமனையில் ஈரல் ஒன்று முதல் நான்கு வரை எந்த நிலைக்குக் கெட்டிருக்கிறது என்று பார்த்து அறிக்கை எழுதுவது அவள் வேலை.

“மெஷின் ரெண்டாம் நிலைன்னு காட்டுது. நீங்க நாலுன்னு எழுதறீங்க. கண்ணு தெரியலையா?”

“நல்லாத் தெரியுது சார்.”

“அப்ப வேணும்னே செஞ்சிருக்கீங்க!”

மருந்துக் கிடங்கில் இருப்பு குறைந்ததைத் துருவிய பிறகுதான் விஷயமே அவர் காதுக்கு வந்திருந்தது. கொதித்துப்போனவர், வெளியே உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த பஸ் டிரைவரின் மனைவியை உள்ளே அழைத்தார். பதினோரு நோயாளிகளில் அந்த டிரைவரும் ஒருவர்.

“இவங்க குடுத்த ரிப்போர்ட்டால வீட்ல என்னம்மா நடந்துச்சு? பயப்படாமச் சொல்லுங்க.”

“என்ன சார் நடக்கும்? ஹெபடைடிஸ் சி கிருமி, ஈரல் சுருங்கிப்போச்சுன்னு எழுதியிருந்துச்சு. மனுஷன் ரெண்டு நாள் பச்சத்தண்ணி குடிக்கல. மகளைக் கூப்பிட்டு, ‘அம்மாவைப் பாத்துக்கோ’ன்னு அழுதாரு. ஆத்திரம் தாங்காம இங்க வந்து இவங்களை மண்ணை வாரித் தூத்தினேன்.”

“கேட்டீங்களா?” என்று ஸ்கேன் அறைப் பெண்ணை முறைத்தார் கண்காணிப்பாளர். “இப்ப அவர் எங்கம்மா?”

“டூட்டிக்குப் போயிருக்காரு.”

“அந்த உடம்போடயா? அநியாயம்! ஒரு புகார் எழுதிக் குடுங்க. இவங்களை இன்னிக்கே வீட்டுக்கு அனுப்பிடறேன்.”

தாளும் பேனாவும் டிரைவர் மனைவியின் பக்கம் நகர்ந்தன. பேனாவை எடுத்தாள். கண்ணில் நெருப்பு.

“எழுதறேன் சார். உங்க பேர்ல எழுதறேன்.”

“என் பேர்லயா?”

“இவங்க பொய் எழுதின மறுநாளே மாத்திரை கைக்கு வந்துச்சு. மூணு மாசம் சாப்பிட்டாரு, கிருமி போயே போச்சு. உண்மையை எழுதியிருந்தா, வெறுங்கையோட திருப்பி அனுப்பியிருப்பீங்க.”

“நான் ஏம்மா அனுப்பப்போறேன்?”

“நாலாம் நிலைக்குக் கெட்டுப்போனாத்தான் மருந்துன்னு உத்தரவு போட்டது நீங்கதானே சார்?”