கண் பிரிவு பெஞ்சு

கண் பிரிவு பெஞ்சில் இடம் பிடிக்க அவர் ஒன்பது மணிக்கே வந்துவிட்டார்.

செவ்வாய்க்கிழமை என்றால் அந்த அரசு மருத்துவமனையில் ஊருக்கே கண் வலி.

எதிர் அறையில் ஆளுயரப் பலகை. 'குடிநோய் சிகிச்சைப் பிரிவு. செவ்வாய் மட்டும், 12 மணி வரை.' திறந்துவைத்த ஏழு பேரின் பெயர் பொறித்த கல்வெட்டு. அதன் கீழே ஒரு பெஞ்சு.

இரண்டு வருடமாகியும் பெயின்ட் உரியவில்லை.

யாராவது உட்கார்ந்தால்தானே.

அவர் தலைமையாசிரியர். மது ஒழிப்புப் பேரணியில் வருடா வருடம் முன்வரிசை. இந்த ஆறு மாதத்தில் வயிற்றுக்கு ஸ்கேன், நெஞ்சுக்கு ஈ.சி.ஜி., நரம்புக்குச் சத்து ஊசி எல்லாம் ஆயிற்று. எந்த டாக்டரிடமும் அந்த ஒரு விஷயத்தை மட்டும் சொல்லவில்லை.

போன மூன்று செவ்வாயும் எதிர் அறைக்கென்று கிளம்பி வந்து, கண் டாக்டரைப் பார்த்துவிட்டுத் திரும்பினார்.

மூன்று சொட்டு மருந்துக் குப்பிகளையும் மனைவி இன்று காலை அவர் தட்டுக்குப் பக்கத்தில் வரிசையாக வைத்தாள். நாலாவது வந்தால் மகள் வீட்டுக்குப் போய்விடுவதாகச் சொன்னாள். கோபப்படாமல் சொன்னாள்.

அவர் தட்டை அப்படியே வைத்துவிட்டுக் கிளம்பினார்.

பக்கத்து ஆள் பேப்பருக்குள்ளிருந்து கேட்டார்.

"சாருக்குக் கண்ணுல என்ன?"

"நீர் வடியுது. உங்களுக்கு?"

"எனக்கும் அதேதான் சார்."

அந்த ஆளின் பேப்பர் படபடத்தது.

மின்விசிறி ஓடவில்லை.

அதற்கு அப்பால் ஒரு பேப்பர். அதற்கும் அப்பால் இரண்டு. எல்லாமே படபடத்தன.

அவர் தன் கைகளை மஞ்சள் பைக்குள் விட்டுக்கொண்டார்.

பதினொன்றே முக்காலுக்குக் கண் பிரிவு ஆயா வாசலுக்கு வந்து பெஞ்சை ஒரு பார்வை பார்த்தாள்.

"நெசமாவே கண்ணு காட்ட வந்தவங்க மட்டும் உள்ள வாங்கப்பா!"

கண்ணில் பஞ்சு ஒட்டியிருந்த ஒரு அம்மாள் எழுந்து போனாள்.

மற்ற பத்துப் பேரும் நாட்டு நடப்பில் மூழ்கினார்கள்.

அவர் தொண்டையைச் செருமினார். பள்ளியில் காலை வணக்கக் கூட்டத்துக்கு முன் செருமுவாரே, அதே செருமல்.

எழுந்தார்.

நடந்தது ஆறே எட்டுதான்.

எதிர் பெஞ்சில் விரலால் பெயர் எழுதலாம், அவ்வளவு தூசி. கைக்குட்டையை எடுத்துத் துடைத்தார். தான் உட்காருகிற அளவுக்குத் துடைத்தால் போதும்.

முழு பெஞ்சையும் துடைத்தார்.

உட்கார்ந்து, கைகளை எல்லோர் கண்ணிலும் படும்படி மடியில் வைத்தார். ஆடின.

ஆடட்டும்.

பிறகு சுவர் ஓரம் வரைக்கும் தள்ளி உட்கார்ந்தார்.

எதிரே ஒரு பேப்பர் மடியும் சத்தம் கேட்டது.