குச்சிக்குச் சரியான ஜோடி

ஒன்பதாவது ஜோடியையும் டெல்ஃபின் பலகையில் தட்டினான், காதருகே வைத்துக் கேட்டான், குவியலிலேயே திருப்பிப் போட்டான்.

"ஷூ வாங்க வந்தியா, தேங்கா வாங்க வந்தியா?" என்றாள் மனாங் லோரிங். மனாங் என்றால் அக்கா, ஊருக்கே அவள் அக்கா. அவள் குரலை உயர்த்தினால் பிலிப்பைன்ஸின் இலோயிலோ ஆற்றில் கட்டியிருக்கும் படகுகள் கயிற்றை அறுத்துக்கொண்டு கடலுக்கு ஓடும். கப்பலில் மூட்டை மூட்டையாக வரும் பழைய ஷூக்களை முப்பது வருஷமாகத் தார்ப்பாயின் கீழ் கொட்டி விற்கிறாள். ஊரில் பாதிப் பிள்ளைகள் அவள் ஷூவில்தான் நடை பழகின. மீதிப் பாதி, அண்ணன்மார் கழற்றிப் போட்ட அவள் ஷூவில்.

டெல்ஃபின் சைக்கிள் ரிக்‌ஷாக்காரன். பெரிய கடையில் குழந்தை ஷூ எண்ணூறு பெசோ என்றார்களாம். அவன் சட்டைப்பையில் இருந்தது நூற்றிருபது. மூன்று மணிக்கு மாதா கோயிலில் இருக்க வேண்டும், அதற்குள் மூன்று வயது மகளுக்கு ஒரு ஜோடி கிடைத்தாக வேண்டும். அளவுக்காக ஒரு துடைப்பக் குச்சியைப் பாதத்தின் நீளத்துக்கு ஒடித்துக்கொண்டு வந்திருந்தான்.

பக்கத்தில் மீன் உருண்டை பொரித்துக்கொண்டிருந்த செபா சும்மா விடுவாளா? "துடைப்பத்தை ஒடிச்சிட்டு வந்துட்டியே, உன் பொண்டாட்டி எதால பெருக்குவா?"

"வீடு பெருக்கி நாலு நாளாச்சு" என்றான்.

"அடேயப்பா, நல்ல குடித்தனம்!"

மனாங்குக்கு இது எதுவும் காதில் விழவில்லை. வாய் ஓடும்போது அவள் காது லீவு போட்டுவிடும். ஒரு நீலத் துணி ஷூவை அவன் மூக்குக்கு நேரே ஆட்டினாள். "இதைப் பாரு. ரெண்டு விரக்கடை பெருசு. வளர்ற புள்ளதானே? முனையில பஞ்சை அடைச்சு விட்டா மூணு வருஷம் ஓடும்."

"பெருசு வேணாம் மனாங். குச்சிக்குச் சரியா இருக்கணும். வழியில கழண்டு விழுந்துடக் கூடாது."

"ஏன், கோயில் அவ்வளவு தூரமா?"

"போறது கிட்டதான். திரும்பி வர்றதுதான் தூரம்."

"நடுவுல கள்ளுக்கடை இருக்குதாக்கும்!" செபா சிரித்த சிரிப்பில் சட்டியில் எண்ணெய் தளும்பியது. "பாத்து வாங்கு தம்பி. மனாங் விக்கிறது எல்லாம் செத்துப்போன வெள்ளைக்காரங்க ஷூ."

மனாங் இடுப்பில் கை வைத்துக்கொண்டாள். "ஏண்டி, வெள்ளைக்காரன் பொணத்தை ஷூவோடதான் புதைக்கிறான். அப்புறம் அது எப்படி என் கடைக்கு வரும்? நான் என்ன கப்பலேறிப் போய்த் தோண்டி எடுத்துட்டா வரேன்?"

"அப்ப நம்ம ஆளுங்க?"

"நம்ம ஆளுங்க விவரம். பெட்டியில வைக்கும்போதே ஷூவைக் கழட்டிடறோம். இல்லாட்டி ராத்திரியில டக்கு டக்குன்னு வீட்டுக்குள்ள நடந்து வந்து நம்மளத் தூங்க விடுவாங்களா? என் மாமியாருக்கு நானே கழட்டினேன். சந்தேகத்துக்குக் காலுறையையும் சேத்து!"

சந்தையே சிரித்தது. டெல்ஃபின் மட்டும் சிரிக்கவில்லை. தோள்வரை குவியலுக்குள் கையை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தான்.

அடிமட்டத்திலிருந்து ஒரு சிவப்பு ஜோடி வந்தது. பட்டை தேய்ந்திருந்தாலும் கொக்கி உறுதியாக இருந்தது. குச்சி உள்ளே போய், நுனியிலிருந்து குதிகால்வரை ஒரு நூல் கூடாமல் குறையாமல் படுத்துக்கொண்டது. பலகையில் வைத்துக் குதிகாலை அழுத்தினான்.

கீச்!

மேசையடியில் படுத்திருந்த நாய் ஊளையிட்டுக்கொண்டு இரண்டு தெரு தாண்டி ஓடியது.

"ஐயோ, அந்தச் சனியனா?" என்றாள் மனாங். "நடை பழகற புள்ளைங்களுக்குன்னு குதிகால்ல விசில் வச்சது. நாலு அம்மாமாருங்க வாங்கிட்டுப் போனாங்க, நாலு பேரும் மறுநாளே என் தலையில கொண்டாந்து கட்டிட்டாங்க."

"வீட்டுக்கு வெளியில நடந்தாலும் உள்ள கேக்குமா?"

"உள்ளயா? அக்கரையில கேக்கும்!"

டெல்ஃபின் இன்னொரு முறை அழுத்திக் கேட்டான். பிறகு நூற்றிருபதையும் எடுத்து நீட்டினான், ஒரு வார்த்தை பேரம் பேசவில்லை. இருநூறு சொல்லலாமென்று வாயைத் திறந்த மனாங், அதைச் சொல்லாமலே மூடினாள். முப்பது வருஷத்தில் அந்த வாய் சும்மா மூடியது அன்றைக்குத்தான்.

போதாததற்கு அவளுக்கு இரக்கமும் வந்துவிட்டது. "இரு தம்பி, விசிலைப் பிடுங்கித் தரேன். அதுக்குக் காசு வேணாம்" என்று இடுக்கியை எடுத்துக் குதிகாலில் வைத்தாள்.

டெல்ஃபின் பாய்ந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தான். "எடுக்காதீங்க!"

"பைத்தியமா உனக்கு? நட்ட நடு ராத்திரியில அது எழுந்து கீச்சு கீச்சுன்னு நடந்து வந்தா, வீட்ல யாராவது தூங்க முடியுமா?"

அவன் ஷூவை வாங்கிச் சட்டைக்குள் வைத்துப் பொத்தானைப் போட்டுக்கொண்டான்.

"வெறுங்காலோட புதைச்சா, அவ வர்றது எங்களுக்குக் கேக்காதே மனாங்."