பூங்கொடி கைக்குத் திறக்காத கதவு

பனியன் வேஸ்ட் துணியில் கையைத் துடைத்துக்கொண்டு பூங்கொடி லேத் மெஷினின் கதவைத் தொட்டாள். கைப்பிடியில் சிவப்பு விளக்கு எரிந்தது. கோபத்தில் இருக்கும் கைக்கு அந்தக் கதவு திறக்காது. மூடியவர் கையைத் தவிர வேறு கைக்கும் திறக்காது. மத்தியான லாரியில் போகவேண்டிய உருப்படி உள்ளே மாட்டிக்கொண்டது.

"வீட்ல என்னம்மா ஆச்சு?" என்றார் சூப்பர்வைசர் தேவசகாயம்.

"நான் வெச்ச ரசம் லேத்துல ஊத்தற கூலன்ட் தண்ணி மாதிரி இருக்குன்னுட்டாருங்க."

தேவசகாயம் அவள் புருஷன் மயில்சாமிக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து விஷயத்தைச் சொன்னார். பட்டறையே வேலையை நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டது.

"தெரியாம சொல்லிட்டேன் அம்மிணி, மன்னிச்சுக்க" என்றான் மயில்சாமி.

"இன்னும் திறக்கலீங்க சார்" என்றாள் பூங்கொடி, பனியன் வேஸ்ட்டைக் கைப்பிடிமேல் போட்டபடி.

"ஒரு வாரத்துக்கு நானே ரசம் வைக்கறேன்."

"ம்ஹூம்."

"தம்பி, லாரி நிக்குது" என்று கெஞ்சினார் தேவசகாயம்.

மயில்சாமி பெருமூச்சு விட்டான். "சரி. அவிநாசியில உங்க அக்கா வீட்டு விசேஷத்துக்கு நானும் வர்றேன்."

பூங்கொடி கைப்பிடிமேல் கிடந்த பனியன் வேஸ்ட்டை எடுத்தாள். அடியில் விளக்கு பச்சையாக எரிந்துகொண்டிருந்தது.

தேவசகாயம் முறைத்தார். "எப்பம்மா பச்சையாச்சு?"

"போனை வெச்சுட்டீங்கல்ல சார்?" என்று கேட்டுக்கொண்டே அவள் கதவைத் திறந்தாள்.