துணி மூட்டை மேல் பந்தயம்

அக்கா செருப்பைக்கூடக் கழற்றவில்லை. அதற்குள் தம்பி வீட்டுக்குள்ளேயிருந்து குரல் கேட்டது.

"நான் நாலாம் நம்பர் மேல கட்டுறேன். நீங்க?"

"ஒன்பது."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. அப்புறம் மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கக் கூடாது."

தம்பி பெண்டாட்டியின் குரல்தான். வயிற்றில் ஆபரேஷன் ஆனவள், பாவம், சுருண்டு படுத்திருப்பாள், ஒரு எட்டுப் பார்த்துவிட்டு வரலாம் என்று பஸ் மாறி வந்திருந்தாள் அக்கா.

பாவமாவது ஒன்றாவது. கட்டிலில் காலை நீட்டி ராணி மாதிரி உட்கார்ந்திருந்தாள். முதுகுக்கு ரெண்டு தலையணை. மடியில் ரேஸ் புக். காதில் பென்சில். பக்கத்தில் செல்போனுக்குள் ஒருவன் மூச்சு விடாமல் குதிரைப் பெயர்களாகக் கத்திக்கொண்டிருந்தான்.

தம்பி தரையில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தான்.

"வாங்க அண்ணி. ஒரே நிமிஷம். ஓடி முடிச்சுடட்டும்."

அக்கா நின்றாள். ஓடி முடித்தது.

"என் நாலாம் நம்பர் அஞ்சாவதா வந்துச்சு. உங்க ஒன்பது எங்க? கடைசி" என்று கைதட்டினாள் அவள். "இந்த வாரத் துணி பூரா உங்க தலையில. பெட்ஷீட்டையும் சேர்த்துப் போடுங்க."

தம்பி வெங்காயத்தைக் கீழே வைத்தான். மூலையில் கிடந்த துணி மூட்டையைத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் போனான்.

அக்காவுக்கு எதையும் மனசில் வைத்துக்கொள்ளத் தெரியாது. "ஏம்மா, வீட்ட சூதாட்ட கிளப் ஆக்கிட்டியா?"

"ஐயோ, காசெல்லாம் இல்ல அண்ணி. காசு வெச்சா இவரு வேலை போயிடும். யார் குதிரை பின்னாடி வருதோ அவங்க வீட்டு வேலை செய்யணும். அவ்வளவுதான்."

தம்பிக்குக் குதிரை வேன் ஓட்டுகிற வேலை. லாயத்திலிருந்து ரேஸ் மைதானத்துக்கு ஏற்றி இறக்குவான்.

"அப்ப அவன் துவைப்பான், நீ சும்மா உக்காந்திருப்ப."

"சும்மா இல்ல அண்ணி. ஜெயிச்சு உக்காந்திருக்கேன்."

என்ன பேச்சு இது. அக்காவுக்குக் காது சூடானது. அவளோ ரேஸ் புக்கை விரித்து நாத்தனாருக்கே பாடம் எடுக்க ஆரம்பித்துவிட்டாள்.

"இத பாருங்க. நல்லா ஓடுற குதிரைக்கு முதுகுல கூட வெயிட்டு ஏத்துவாங்க. சோப்ளாங்கிக் குதிரைக்குக் கம்மி. அப்பத்தான ஓட்டம் சமமா இருக்கும். அதையும் பாத்து, போன ரேஸையும் பாத்து, கணக்குப் போடணும். இவருதான் சொல்லிக் குடுத்தாரு. இப்ப இவரையே தோக்கடிக்கிறேன்."

"உன் குதிரையும் அஞ்சாவதாத்தான வந்துச்சு?"

"வரட்டுமே. அவரோடது அதுக்கும் பின்னாடி."

அக்கா விறுவிறுவென்று பின்பக்கம் போனாள். தம்பி பெட்ஷீட்டுக்கு சோப்பு போட்டுக்கொண்டிருந்தான். விசில் வேறு.

"வெக்கமா இல்லடா உனக்கு? தினம் குதிரையோட குடித்தனம் பண்றவன் நீ. எதுக்குக் கால் வலி, எது தீனி எடுக்கலன்னு உனக்குத் தெரியாதா? நேத்து புக்கைத் தொட்டவகிட்ட வாராவாரம் தோக்குற."

"மெதுவாப் பேசுக்கா." குழாயை இன்னும் கொஞ்சம் திறந்துவிட்டான். தண்ணீர் சத்தம் கூடியது.

"எதுக்கு மெதுவா? இப்பவே போய் அந்த புக்கைக் கிழிச்சு அடுப்புல போடுறேன் பாரு."

நுரைக் கையோடு அவள் கையைப் பிடித்துவிட்டான்.

"கிழிச்சுடாதக்கா. ஆஸ்பத்திரில இருந்து வந்த மறுநாளே என்ன பண்ணினா தெரியுமா? நான் துணிய எடுத்தேன், பிடுங்கிட்டா. புருஷனத் துவைக்க விட்டா அசிங்கமாம். தண்ணி பக்கெட்ட அவளே தூக்கினா. தையல் பிரிஞ்சுடுச்சு. திரும்பக் கொண்டுபோய்ப் போட்டோம்."

"எனக்குச் சொல்லவே இல்ல?"

"சொல்லக் கூடாதுன்னா. இன்னொரு தடவ பிரிஞ்சா உயிருக்கே ஆபத்துன்னு டாக்டர் சொல்லிட்டாரு. கெஞ்சினேன், திட்டினேன். எதுக்கும் அசையல. அப்புறம்தான் இந்தப் பந்தயம். தோத்தவன் வேலைய ஜெயிச்சவ தொட்டா மரியாதை இல்லைன்னு அவளே சட்டம் போட்டா. இப்ப கட்டில விட்டு எறங்குறதில்ல."

அக்காவின் கோபம் பாதி வழியில் நின்றது. பெட்ஷீட்டின் ஒரு முனையை அவள் பிடித்தாள். அவன் மறுமுனையைப் பிழிந்தான்.

உள்ளேயிருந்து சத்தம் வந்தது. "என்னங்க, அடுத்த ரேஸுக்கு வாங்க. பாத்திரத்துக்கு. நான் ரெண்டாம் நம்பர்."

"அது எப்படிடி புடிச்ச?" என்று தம்பி அங்கிருந்தே கேட்டான்.

"பேரு நல்லா இருக்கு."

அக்காவுக்குத் திக்கென்றது.

"டேய், கணக்குன்னாளே. பேரப் பாத்தா கட்டுறா? தப்பித்தவறி என்னைக்காவது நீ ஜெயிச்சுட்டா, அவ இல்ல பக்கெட்டத் தூக்கணும்?"

தம்பி நெற்றி வியர்வையைத் தோளில் துடைத்துக்கொண்டான்.

"அதாங்க்கா என் பொழப்பே. ஜெயிக்கிற குதிரைய எங்க லாயத்துல எவன் வேணாலும் சொல்லிடுவான். இவ புடிக்கிற குதிரைக்கும் பின்னாடி வர்ற குதிரையத் தேடிக் கண்டுபிடிக்கிறதுக்குள்ளதான் எனக்கு நாக்குத் தள்ளிடுது."