நர்சம்மா கொடுத்த சிக்கு

"நோயாளிகிட்ட வேலை வாங்குற நர்ஸை இங்கதான் பார்க்கிறேன்!"

ஜெயம்மாள் தூக்குச் சட்டியை ஸ்டூல் மேல் 'ணங்'கென்று வைத்தாள்.

கலாவதி நர்ஸ் அப்போதுதான் ஜெயம்மாளின் புருஷன் கோதண்டபாணியிடமிருந்து அரக்குப் பட்டு நூலை வாங்கிக்கொண்டு போனாள். நேற்று மதியம் சிக்குப் பிடித்த உருண்டையாகக் கொடுத்தது. இப்போது இழை இழையாகப் பிரிந்து, முறுக்கிக் கட்டின சிட்டமாக இருந்தது. "மதியம் வேற நூல் கொண்டாறேன்" என்று சொல்லிவிட்டு வேறு போனாள்.

"எத்தினி நாளா நடக்குது இது?"

"பத்து நாளு இருக்கும்" என்றார் பக்கத்துக் கட்டில் வீராசாமி. தென்னேரிக்காரர். ஏரிக்கரையில் வழுக்கி விழுந்து, காலில் மாவுக்கட்டோடு கிடப்பவர். "அவங்க அண்ணி வூட்டுல தறி இருக்குதாம். நல்லவேளை, எனக்கு ஏர் ஓட்டத்தான் தெரியும். மாடு மட்டும் இருந்தா இந்த ஆஸ்பத்திரித் தோட்டத்தை என்னை உழச் சொல்லியிருப்பாங்க."

கோதண்டபாணி சிரித்தான்.

"சிரிக்காதீங்க! எந்தக் கைன்னு ஞாபகம் இருக்குதா?"

வைகாசி கருட சேவைக் கூட்டத்தில் மிதிபட்ட வலது கை. கட்டுப் பிரித்தபோது ஐந்து விரலும் மரக்குச்சியாக விறைத்திருந்தன. மடக்கி மடக்கி நீட்டச் சொன்னார் டாக்டர். மடக்கினால் உயிர் போகிற வலி. 'இனிமே இந்தக் கை தறியில நாடா ஓட்டாது' என்று சொல்லிப் போர்வைக்குள் ஒளித்துக்கொண்டான் கோதண்டபாணி. வீட்டில் அரைச் சேலையோடு தறி அப்படியே நிற்கிறது.

"பெரிய டாக்டர்கிட்ட சொல்லிட்டுத்தான் மறுவேலை" என்று எழுந்தாள் ஜெயம்மாள்.

"வேணாம், வுடு."

"நீங்க இப்படி வாயில்லாம இருந்தா, நாளைக்கு அவங்க வூட்டுத் தறியிலயே உக்காத்தி வெப்பாங்க!"

டாக்டர் அறை வாசலில் கூட்டம். மதியம் வரை நின்றாள். தாகம் எடுக்கவே, பின்பக்கக் குழாயடிக்குப் போனாள்.

அங்கே மருந்து அறைப் படியில் கலாவதி உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் திறக்காத சாப்பாட்டு டப்பா. மடியில் அதே அரக்கு நூல். அதை இரண்டு கையாலும் பிசைந்து, உருட்டி, ஒரு நுனியை எடுத்து இன்னொன்றுக்குள் நுழைத்து இழுத்துக்கொண்டிருந்தாள்.

"அய்யய்யோ, இன்னாம்மா பண்றே? அந்த மனுசன் ராத்திரியெல்லாம் குந்திப் பிரிச்ச நூலாச்சே!"

கலாவதி திடுக்கிட்டு நூலை முந்தானைக்குள் மறைத்தாள். பிறகு மெதுவாக வெளியே எடுத்தாள்.

"மடக்குன்னு சொன்னா மடக்க மாட்டேங்கிறாரும்மா. கெஞ்சிப் பார்த்தேன், திட்டியும் பார்த்தேன். நெசவுக்காரர் ஆச்சே, சிக்கு விழுந்த பட்டைப் பார்த்தா கை சும்மா இருக்காதுன்னு தோணிச்சு."

"அப்போ... உங்க அண்ணி?"

"எனக்கு அண்ணனே கிடையாது." கலாவதி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "பத்து நாளா இந்த ஒரே நூலுதான். அவர்கிட்ட சொல்லிடாதே. வைத்தியம்னு தெரிஞ்சா மறுபடியும் கையை ஒளிச்சிக்குவார்."

ஜெயம்மாளுக்குத் தாகம் மறந்து போயிற்று. டாக்டர் அறைப் பக்கம் போகாமல் வார்டுக்கே திரும்பினாள்.

"இன்னா, சொல்லியாச்சா?" என்றார் வீராசாமி ஆவலாக.

"நீங்க உங்க காலைப் பாருங்க."

இரண்டு மணிக்குக் கலாவதி வந்தாள். சிக்கு உருண்டையைக் கட்டிலில் போட்டாள்.

"இந்தாப்பா, அண்ணி குடுத்தனுப்பினா. காலையில வேணுமாம்."

கோதண்டபாணி அதை வாங்கி விரலால் நெருடிப் பார்த்தான்.

"இது நேத்து குடுத்த நூலைவிட நைஸா இருக்குதே, நர்சம்மா. புதுச் சரக்கா?"

"ஆமா, புதுசு." கலாவதி ஜெயம்மாளைப் பார்க்காமல் போய்விட்டாள்.

ஜெயம்மாளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பட்டிலேயே பிறந்து வளர்ந்த மனுஷன், பத்து நாளாக இப்படி ஏமாந்துகொண்டிருக்கிறானே! சொல்லவும் கூடாது.

"இன்னா, மூஞ்சி ஒரு மாதிரி இருக்குது?" கோதண்டபாணி குரலைத் தாழ்த்தினான். "பார்த்துட்டியா?"

"எதை?"

"நர்சம்மா சிக்கு போடுறதை."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"ரெண்டாம் நாளே தெரியும். அறுந்த இழையில நான் போட்ட முடிச்சு எனக்குத் தெரியாதா?"

"அடப்பாவி! நான் அந்தம்மாவை வாயில வந்தபடி பேசினப்போ சொல்லியிருக்கக் கூடாதா?"

"சொன்னா நீ ஓடிப்போய்க் கும்புடுவே. எனக்குத் தெரிஞ்சிபோச்சுன்னு அவங்க நிறுத்திடுவாங்க. மொத நாலு நாளு அந்தச் சிக்குதான் என்னை இழுத்துப் புடிச்சிக்கினு இருந்துது."

"இப்போ?"

கோதண்டபாணி வலது கையை நீட்டி, ஐந்து விரலையும் மடக்கிக் காட்டினான். சுண்டுவிரல் மட்டும் கொஞ்சம் அடம் பிடித்தது.

"இப்போ அரை மணியில பிரிச்சிடறேன். ஆனா அது தெரிஞ்சா, நாளைக்கு இன்னும் கெட்டியா சிக்கு போட உக்காருவாங்க. இப்பவே சோறு துன்ன நேரமில்ல அவங்களுக்கு. அதனால, பிரிச்சதை நானே மறுபடி சிக்காக்கி, விடியற வரைக்கும் பிரிச்சிக்கினு இருக்கேன்."